கறுப்புக் காருக்கு எச்.டி.ஆர். சரிப்படுமா, ஒரே எக்ஸ்போஷர் போதுமா?

பதிவு 1: கறுப்புக் கான்டெஸா

அனைவருக்கும் வணக்கம். அப்பா இருபது ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருக்கும் கான்டெஸா கிளாசிக் வண்டிக்குச் சென்ற மாதம்தான் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து முடித்தோம். அதைப் படமெடுத்துச் சட்டம் போட்டு அவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டி ஓரிடத்தில், கடல் பின்னணியாக வரும்படி வண்டியை நிறுத்தி, சூரியன் ஒரு பனை உயரம் ஏறுவதற்குள் எடுத்தேன்.

கேமரா ட்ரைபாடில் இருந்தது. 50 மி.மீ. லென்ஸ், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100. வானத்துக்கும் வண்டிக்கும் வெளிச்ச வேறுபாடு மிக அதிகமாக இருந்ததால், 1/1000 நொடியில் தொடங்கி 1/250, 1/60, 1/15, 1/4 என இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) ஐந்து எக்ஸ்போஷர்கள், அதாவது வெவ்வேறு அளவு வெளிச்சம் வாங்கிய ஐந்து படங்கள் எடுத்து, வீட்டுக்கு வந்து அவற்றை ஒன்றாக்கும் எச்.டி.ஆர். மென்பொருளில் இணைத்தேன். வந்த படத்தில் கூரையின் விளிம்பைச் சுற்றி, சாமி படத்தில் தலைக்குப் பின்னால் போடுவார்களே, அதைப் போன்ற ஓர் ஒளிவட்டம் நிற்கிறது. பானெட் சாம்பல் பூத்த தோசைக்கல் மாதிரி இருக்கிறது. அப்பா பார்த்துவிட்டு "இது யார் வண்டி?" என்று கேட்டார்.

தனித்தனிப் படங்களும் உதவவில்லை. வானம் சரியாக வந்த படத்தில் வண்டி வெறும் நிழலாகத் தெரிகிறது, வண்டி சரியாக வந்த படத்தில் வானம் வெள்ளைத் தாளாகிவிட்டது. நான் ஸ்லைடர்களைத் தவறாக நகர்த்தினேனா, அல்லது எச்.டி.ஆர். என்கிற வழியே காருக்கு ஒத்துவராதா?

பதிவு 2: ஒளிமானி

நண்பரே, ஸ்லைடரைக் குறை சொல்வதற்கு முன் சூரியனைக் கவனியுங்கள். நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. கடலைப் பின்னணியாக வைத்து விடியற்காலையில் எடுத்தால் வெளிச்சம் முழுவதும் வண்டிக்குப் பின்னாலிருந்து வருகிறது, கேமரா பார்க்கும் பக்கத்துக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஐந்து படம் எடுத்தாலும் ஐம்பது படம் எடுத்தாலும், அந்தக் கதவில் இல்லாத வெளிச்சத்தை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. இருட்டை மேலே தூக்கிக் காட்டலாம், அவ்வளவுதான். இருட்டைத் தூக்கினால் சாம்பல்தான் வரும்.

இரண்டாவது காரணம் பெயின்டிலேயே இருக்கிறது. கறுப்புக் காருக்குக் காட்டுவதற்கென்று சொந்த நிறம் ஏதும் இல்லை. நாம் பார்ப்பதெல்லாம் மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு பிரதிபலிக்கும் வானத்தையும் சுற்றுப்புறத்தையும்தான். கண்ணாடியைப் போலவே கிளியர் கோட்டும் நேருக்கு நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்பும். அதாவது 25-இல் ஒரு பங்கு, ஸ்டாப் கணக்கில் சொன்னால் நான்கரைக்குச் சற்று மேல். ஆகவே உங்கள் கதவில் தெரியும் வானம் உண்மையான வானத்தைவிட நான்கரை ஸ்டாப் இருண்டிருப்பது பிழையன்று, அதுதான் கறுப்புப் பெயின்டின் இயல்பு. பார்க்கும் கோணம் சாயச் சாயப் பிரதிபலிப்பு கூடும் என்பதால்தான், தாழ்வாக நின்று எடுக்கும்போது பானெட்டும் கூரையும் பளபளக்க, கதவு மட்டும் ஆழமாக இருண்டு நிற்கிறது. அந்தப் பளபளப்புக்கும் ஆழத்துக்கும் இடையே வெளிச்சம் படிப்படியாக இறங்கிவருவதைக் கொண்டுதான் தகடு எங்கே வளைகிறது, எங்கே மடிகிறது என்று நம் கண் கண்டுகொள்கிறது.

இணைத்த படத்தைத் திரைக்கு ஏற்ப அடக்க உங்கள் மென்பொருள் கையாளும் டோன் மேப்பிங் செய்வது இதற்கு நேர்மாறான வேலை. படத்தின் ஒவ்வொரு பகுதியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு, இருண்ட பகுதியை உயர்த்தி, வெளிச்சமான பகுதியைத் தாழ்த்திச் சமன்செய்கிறது. கல்கோபுரத்துக்கோ இடிந்த சுவருக்கோ அது பொருந்தலாம், ஏனென்றால் அங்கே நமக்கு வேண்டியது மேற்பரப்பின் சொரசொரப்பு. காரில் நமக்கு வேண்டியது சொரசொரப்பே இல்லாத ஒரு வளைவு. அந்த வளைவைச் சொல்லும் ஏற்ற இறக்கத்தையே மென்பொருள் குறையென்று எண்ணிச் சரிசெய்துவிடுகிறது. கூரையைச் சுற்றி வந்த ஒளிவட்டமும் அதே கணக்கின் விளைவுதான்: இருண்ட கூரையை உயர்த்தும் முயற்சியில், அதையொட்டிய வானமும் சேர்ந்து வெளிறிவிட்டது.

பதிவு 3: மூன்றாவது கால்

ஒளிமானி ஐயா சொன்ன இயற்பியலை ஏற்கிறேன், ஆனால் தீர்ப்பை எச்.டி.ஆர். மீது எழுதியதை ஏற்க முடியவில்லை. எச்.டி.ஆர். வேறு, டோன் மேப்பிங் வேறு. 1997-இல் பால் டெபவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, பல எக்ஸ்போஷர்களிலிருந்து ஓர் இடத்தின் உண்மையான ஒளி அளவுகளை மீட்டெடுப்பது எப்படி என்பதைத்தான் பேசியது. அந்த அளவுகளைச் சாதாரணத் திரையிலும் தாளிலும் அடக்குவது அடுத்த கட்டம், அங்கேதான் சுவைக்கேடு நடக்கிறது. 2007-இல் மெர்டென்ஸ் குழுவினர் முன்வைத்த எக்ஸ்போஷர் ஃபியூஷன் முறையோ, எச்.டி.ஆர். கோப்பு எதையும் உருவாக்காமல், ஒவ்வொரு படத்திலும் நன்றாக வந்த பகுதிக்கு அதிக எடை கொடுத்து நேரடியாகக் கலக்கிறது. அதன் விளைவு எவ்வளவோ சாதுவானது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கார் விளம்பரத் துறையில் எச்.டி.ஆர். மிகச் சிறப்பாக உழைப்பது கார் இல்லாத இடத்தில்தான். காலியான சாலையில் சுற்றிலும் முழுக்கோளமாகப் பல எக்ஸ்போஷர்களில் படம் எடுத்து, அந்த ஒளியைக் கொண்டு கணினியில் உருவாக்கிய காருக்கு விளக்குப் போடுகிறார்கள். டெபவெக் 1998-இல் காட்டிய வழி அது. அந்த எச்.டி.ஆர். படத்தை விளம்பரம் பார்க்கிறவர்கள் யாரும் படமாகப் பார்ப்பதில்லை, தகட்டில் விழும் ஒளியாகத்தான் பார்க்கிறார்கள்.

காரின் உட்புறத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். கறுப்பு டாஷ்போர்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் கும்மிருட்டு, கண்ணாடிக்கு வெளியே நண்பகல் வெயில். இங்கே ஒரே எக்ஸ்போஷரில் எடுத்துவிட்டேன் என்பவர் ஒன்று ஃபிளாஷ் வைத்திருப்பார், இல்லையேல் சன்னலை வெள்ளையாக விட்டிருப்பார். உட்புறத்துக்கு நான் இன்றுவரை மூன்று படம் எடுத்துத்தான் கலக்கிறேன்.

பதிவு 4: பழைய நெகடிவ்

இரண்டு படங்களைச் சேர்ப்பது கணினி கொண்டுவந்த வழக்கம் என்று இளையவர்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 1850-களிலேயே பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகடிவ், மேகத்துக்கு ஒரு நெகடிவ் என்று இரண்டு எடுத்து, தொடுவானத்தில் இணைத்து ஒரே அச்சாகப் போட்டார். அவருக்கு வாய்த்தது நேர்க்கோடான தொடுவானம். தம்பியின் படத்தில் கான்டெஸாவின் கூரை அந்தக் கோட்டைக் கிழித்துக்கொண்டு மேலே நிற்கிறது, சிக்கலே அதுதான். அதே காரணத்தால், மேற்பாதி மட்டும் இருண்டிருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டரும் உங்களுக்கு உதவாது. வானத்தோடு சேர்த்துக் கூரையையும் இருட்டாக்கிவிடும்.

நாங்கள் ஸ்லைடு ஃபிலிமில் எடுத்த காலத்தில் ஐந்தாறு ஸ்டாப் வேறுபாட்டுக்கு மேல் ஃபிலிமில் அடங்காது. அதனால் வெளிச்சம் அந்த ஐந்தாறுக்குள் வரும்வரை வண்டிக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பதிவு 5: நீலநேரம்

நான் இதே சாலையில் பல ஆண்டுகளாக வண்டிகளைப் படமெடுத்து வருகிறேன். பழைய நெகடிவ் ஐயா சொன்ன காத்திருப்பை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். கடல் பின்னணியாக வேண்டுமென்றால் மாலையில் போங்கள், சூரியன் மறைந்தபின் எடுங்கள். அந்த நேரத்தில் கிழக்கே தொடுவானத்தை ஒட்டிச் சாம்பல்நீலப் பட்டை ஒன்று எழும்பும். அது பூமியின் நிழல். அதற்கு மேல் வெளிர்சிவப்புப் பட்டை ஒன்று நிற்கும். உங்கள் முதுகுக்குப் பின்னால் மேற்கு வானம் முழுவதும், ஸ்டூடியோவில் மென்மையான வெளிச்சம் தரும் சாஃப்ட்பாக்ஸ் போல, ஒரு மாபெரும் விளக்காகிவிடும். வண்டியின் கேமராப் பக்கம் அந்த மேற்கைப் பார்த்து நிற்பதால், இருண்ட கதவில் மேற்கின் வெளிச்சம் விழும், பின்னணியிலோ மங்கிவரும் கிழக்கு இருக்கும். நான்கரை ஸ்டாப் என்று ஒளிமானி சொன்ன வேறுபாட்டைச் சரிக்கட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரே எக்ஸ்போஷர் போதும்.

ஆனால் சென்னையின் அட்சரேகையில் இந்த அந்தி நெடுநேரம் நிற்காது. மறைவிலிருந்து ஏறத்தாழ 22 நிமிடத்தில் சூரியன் தொடுவானத்துக்கு 6 பாகை கீழே போய்விடும். அதற்குள் நல்ல வெளிச்சம் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. வண்டியை நிறுத்துவது, சக்கரத்தைத் திருப்புவது, நம்பர் பிளேட்டைத் துடைப்பது எல்லாம் வெயில் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, மேற்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒருமுறை சவுக்குத் தோப்புக்கு எதிரே ஒரு கறுப்பு செடானை நிறுத்திவிட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, இரண்டு கதவுகளின் குறுக்கேயும் மர உச்சிகள் ரம்பப் பல்லாக ஓடின. கதவின் நடுவே இருக்கும் மடிப்புக்கோடு அந்தப் பல்லுக்குள் தொலைந்தே போயிற்று. முட்டுக்காடு பக்கம் உப்பங்கழி இருப்பதால் மேற்கே திறந்த வானம் கிடைக்கும், பிரதிபலிப்பில் தொடுவானம் ஒரே மெல்லிய கோடாக விழும். அந்தக் கோட்டைக் கதவின் எந்த உயரத்தில் ஓடவிடுவது என்பதை, கேமராவை ஓரடி ஏற்றியும் இறக்கியும் முடிவுசெய்யலாம். எந்த ஸ்லைடருக்கும் அந்த வேலை தெரியாது.

பதிவு 6: பேனிங்

ஓடும் வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. பக்கத்து வண்டியிலிருந்து 1/40 நொடியில், வண்டியோடு கேமராவையும் நகர்த்திப் பேனிங் செய்யும்போது ஐந்து எக்ஸ்போஷருக்கு ஏது இடம்? அடுத்த படம் விழுவதற்குள் சக்கரம், சாலை, பின்னணி எல்லாம் மாறியிருக்கும். அங்கே ஒரே படம்தான்.

பதிவு 7: பாலிஷ் துணி

நான் கார் டீட்டெய்லிங் செய்பவன். என்னிடம் வரும் வாடிக்கையாளர்கள் செல்போனில் எடுத்தாலே நன்றாக வருகிறது, அதிலும் எச்.டி.ஆர். தானே என்கிறார்கள். அது எப்படி?

கேட்ட கையோடு என் பங்குக்கு ஒன்றும் சொல்லிவிடுகிறேன். டோன் மேப்பிங் செய்த படத்தில் எனக்கு முதலில் கண்ணில் படுவது சுழல்கீறல்கள்தான். துணியால் வட்டமாகத் துடைத்துத் துடைத்துக் கறுப்புப் பெயின்டில் சிலந்திவலை போல விழும் அந்தக் கீறல்கள், நேரில் வெயிலில் பார்ப்பதைவிட இரண்டு மடங்காகத் தெரிகின்றன. மெட்டாலிக் பெயின்டில் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் அலுமினியத் துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தூக்கலாகி, வண்டியின்மீது மணல் தூவியது போல் ஆகிவிடும். நாங்கள் இரண்டு நாள் பாலிஷ் போட்டது அந்த ஒரு கிளிக்கில் போய்விடுகிறது. விற்பதற்காகப் படம் போடுகிறவர்கள் கீறலைக் காட்டுவது நேர்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இல்லாத அளவுக்குக் காட்டுவதும் பொய்தானே.

பதிவு 8: மூன்றாவது கால்

பாலிஷ் துணி அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. கூகுளின் எச்.டி.ஆர். பிளஸ் முறையைப் பற்றி 2016-இல் அவர்களே வெளியிட்ட கட்டுரையில் விளக்கம் இருக்கிறது. அதில் சொன்ன முறை, வெவ்வேறு எக்ஸ்போஷர்களில் எடுத்து நாம் செய்யும் பிராக்கெட்டிங் அன்று. வானம் வெளுத்துவிடாதபடி வேண்டுமென்றே குறைத்து, எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்போஷரில், பல படங்களாக மளமளவென்று எடுத்து, நகர்ந்தவற்றைப் பொருத்திச் சேர்க்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது இருண்ட பகுதியில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் குறைந்துவிடுவதால், அந்த இருட்டைத் தாராளமாக உயர்த்தலாம். எச்.டி.ஆர். என்று பெயர் இருந்தாலும் எடுக்கும் முறையில் அது ஒற்றை எக்ஸ்போஷர் கட்சிக்குத்தான் நெருக்கம்.

இப்போதைய கேமராக்களிலும் நிலைமை இதுதான். 2012-இல் வந்த நிக்கான் டி800 தன் அடிப்படை ஐ.எஸ்.ஓ.வில் 14 ஸ்டாப்புக்கு மேற்பட்ட வெளிச்ச வேறுபாட்டை ஒரே படத்தில் பதிவதாக அளக்கப்பட்டது. அதற்கு முன் 11, 12 ஸ்டாப்போடு காலம் தள்ளியவர்கள் பிராக்கெட்டிங் செய்ததற்குக் காரணம் இருந்தது. இன்று வெளிப்புறப் படத்துக்கு, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஒரு ரா கோப்பிலேயே பெரும்பாலும் எல்லாம் அடங்கிவிடும்.

பதிவு 9: ஒளிமானி

அடங்கிவிடும் என்பதுதான் ஆபத்து, நண்பரே. ஒற்றை ரா கோப்பை எடுத்து ஷேடோ ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளினாலும் பதிவு 1-இல் இருக்கும் அதே தோசைக்கல்தான் வரும், ஒளிவட்டம் மட்டும் சற்று அடக்கமாக இருக்கும். ஒரே எக்ஸ்போஷர் என்பதைப் பத்தியம் போலப் பேசுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. எத்தனை படம் எடுத்தீர்கள் என்று எண்ணுவதைவிட, கதவிலிருந்து சக்கர வளைவுவரை வெளிச்சம் இறங்கும் வரிசையைக் கெடுத்தீர்களா என்று பாருங்கள். நான் ஒரே வண்டிக்கு எட்டுப் படம் எடுத்துக் கையால் இணைத்திருக்கிறேன். எட்டும் ஒரே எக்ஸ்போஷர்தான், பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசர் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு கோணத்தில் இருந்தது.

பதிவு 10: கறுப்புக் கான்டெஸா

எல்லோருக்கும் நன்றி. நீலநேரம் அக்கா சொன்னபடி மாலையில் போகிறேன். போலரைசரைப் பற்றி மட்டும் விளக்கமாகச் சொல்லுங்கள். கறுப்பு வண்டியில் பிரதிபலிப்பை நீக்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? ஒருவேளை இரண்டு படங்களைக் கலக்க வேண்டி வந்தால், கூரை விளிம்பை எப்படிக் கையாள்வது?

பதிவு 11: நீலநேரம்

மிச்சம் ஒன்றும் இருக்காது தம்பி, வண்டி வடிவில் ஓர் ஓட்டைதான் இருக்கும். அதனால் முழுதாகத் திருப்பாதீர்கள். போலரைசர் எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. தகட்டுக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 பாகையில் பார்க்கும்போதுதான் அதன் பிடி முழுமையாக இருக்கும். பம்பரின் குரோம் மீது அதற்கு ஏறக்குறைய எந்தச் செல்வாக்கும் இல்லை, ஏனென்றால் உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அந்த அளவுக்கு முனைவாக்கம் பெறுவதில்லை. முன்கண்ணாடியில் வானம் வெள்ளையாக விழுந்து உட்புறத்தை மறைக்கிறதா, அதை மட்டும் குறைக்கும்படி திருப்பி ஒரு படம். பிறகு பானெட்டில் வெளிச்சம் அழகாக ஓடும்படி திருப்பி இன்னொரு படம். ட்ரைபாட் அசையக் கூடாது. போலரைசர் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கூரை விளிம்புக்கு என் வழக்கம் இது. வண்டியை வானத்தின் அளவுக்கு உயர்த்த முயல்வதில்லை. வானப் படத்தை மட்டும் ஒரு ஸ்டாப், மிஞ்சினால் ஒன்றரை, குறைத்து எடுத்ததிலிருந்து கொண்டுவந்து, இரண்டு படங்களையும் பிரிக்கும் மாஸ்க்கின் விளிம்பைக் கூரையின்மீது சரியாக நிறுத்துவேன். தாண்டி வெளியே கசியவிட்டால் ஒளிவட்டம், உள்ளே கசியவிட்டால் கூரையில் கறை. பென் டூல் வைத்துப் பொறுமையாக வரைய வேண்டும். ஆன்டெனா இருந்தால் எடுப்பதற்கு முன்பே இறக்கிவிடுங்கள், அதை மாஸ்க் செய்து ஓர் இரவு முழுவதும் அழுதிருக்கிறேன்.

புது வண்டிகளை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்.இ.டி. விளக்குகளில் பல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. வேகமான ஷட்டரில் எடுத்த படத்தில் விளக்கு அணைந்தும் மெதுவானதில் எரிந்தும் இருக்கும். மென்பொருள் இரண்டையும் சேர்த்து எதையோ செய்து வைக்கும். கான்டெஸாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பதிவு 12: கறுப்புக் கான்டெஸா

சனிக்கிழமை மாலை போய் வந்தேன். மணலை ஒட்டிய சிமென்ட் தளத்தில், மேற்கே திறந்திருக்கும்படி நிறுத்தினேன். சூரியன் மறைந்து எட்டாவது நிமிடம் தொடங்கி, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100 அப்படியே வைத்து, 1/4 நொடியிலிருந்து 1 நொடிவரை வெளிச்சத்தோடு இறங்கிக்கொண்டே வந்தேன். பயத்தில் எல்லாவற்றையும் பிராக்கெட்டும் செய்தேன். வீட்டில் பார்த்தால், வெளிச்ச அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் இரு முனையிலும் எதுவும் முட்டவில்லை. ஒற்றைப் படத்தைத்தான் வைத்துக்கொண்டேன். ஹெட்லைட் எரியும் பகுதிக்கு மட்டும், கண்ணாடியின் உள்கோடுகள் தெரியும்படி, இரண்டு ஸ்டாப் குறைந்த படத்திலிருந்து ஒரு சிறு வட்டம் எடுத்து வைத்தேன்.

முன் ஃபெண்டரிலிருந்து கதவு வழியாகப் பின்விளக்குவரை ஒரே இளஞ்சிவப்புக் கோடு ஓடுகிறது. கோட்டுக்கு மேலே மேற்கு வானம், கீழே ஆழ்ந்த கறுப்பு. கைப்பிடிக்கு அருகில் கோடு இம்மியளவு நெளிகிறது. அங்கே டிங்கரிங் செய்த இடம் இருக்கிறது என்பது எனக்கே இந்தப் படத்தைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. அப்பா அதை மாற்ற வேண்டாம் என்றார். அந்த நெளிசலுக்கு அவரிடம் ஏதோ ஒரு பழைய கதை இருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. போலரைசர் போட்ட படங்களில் பின்கண்ணாடி முழுவதும் வரிசை வரிசையாகத் திட்டுகள் தெரிகின்றன. துடைத்துப் பார்த்தேன், கறை இல்லை.

பதிவு 13: பாலிஷ் துணி

அது கறையன்று தம்பி, துடைத்துப் பயனில்லை. பின்கண்ணாடி டெம்பர் செய்த கண்ணாடி. சூடாக்கிய கண்ணாடியைக் காற்றுக் குழல்களால் சட்டென்று குளிர்விக்கும்போது உள்ளே தங்கிவிட்ட இறுக்கம்தான் போலரைசர் வழியே திட்டுத்திட்டாகத் தெரிகிறது. முன்கண்ணாடி, இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய லேமினேட்டட் வகையாக இருந்தால் அதில் இப்படித் தெரியாது.

பதிவு 14: நீலநேரம்

போலரைசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, திட்டுகள் மங்கும் கோணத்தில் பின்கண்ணாடிக்கென்று தனியாக ஒரு படம் எடுத்திருக்கலாம். பிராக்கெட் செய்த படங்களில் போலரைசர் வேறு கோணத்தில் இருந்தது ஏதேனும் உண்டா என்று முதலில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால், அடுத்த முறை அந்த ஒரு படத்தை மட்டும் ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுங்கள்.